தண்ணிக் குழாய்க் கூண்டு

தனுஜாவை உலக சாம்பியன் ஆக்கியது அட்டனில் உள்ள ஓர் அச்சகம். பஸ் நிலையத்துக்கு எதிரே கட்டியிருந்த பதாகையில், 'உலக கார்ப் பந்தய சாம்பியன், மலையகத் தாயின் தவப்புதல்வி தனுஜா செல்லசாமி அவர்களே, வருக வருக' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே ஹெல்மெட் மாட்டிய ஒரு படம். ஹெல்மெட்டுக்குள் இருந்தது தான் இல்லை என்பது தனுஜாவுக்குத் தெரியும். அது ஆணா பெண்ணா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. பதாகையின் மறுபாதி முழுவதையும் அடைத்துக்கொண்டு கணேசமூர்த்தி கும்பிட்டபடி நின்றார். அந்த முகத்தை மறைக்க ஹெல்மெட் எதுவும் இல்லை.

கணேசமூர்த்தி அட்டனில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். பிரதேச சபை உறுப்பினர். போதாததற்கு இப்போது மலையக மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். அந்தக் கழகம் பிறந்து நாலு மாதந்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் கொழும்புக்காரர்கள் கார்ப் பந்தயம் விடுகிறார்களே, நாமும் விடுவோம் என்று அவருக்குத் தோன்றியது. அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தோட்டத்து ரோட்டைப் பிடித்தார். இங்கிலாந்திலிருந்து தாயைப் பார்க்க வந்திருந்த தனுஜாவையும் பிடித்தார்.

வரவேற்பு மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். பெயர் தெரியாதவர்களெல்லாம் வந்து, அவள் சின்ன வயதில் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே நிற்பாள் என்றும், அப்போதே தங்களுக்குத் தெரியும் என்றும் பேசினார்கள். அப்போது இவர்கள் பேசியதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. செல்லசாமியின் பொம்பளைப் பிள்ளை கிறீசும் கையுமாகத் திரிகிறது, எவன் கட்டுவான் என்றுதான் பேசினார்கள்.

கடைசியில் மைக் அவளிடம் வந்தது.

"நான் உலக சாம்பியன் இல்லீங்க," என்றாள். "இங்கிலாந்துல மலை ரோட்டுல ஒவ்வொரு காரா விட்டு நேரம் பாக்கிற பந்தயம் இருக்கு. அதுல ஒரு வருசம் என்னோட பிரிவுல ரெண்டாவதா வந்தேன். மத்த வருசமெல்லாம் கடைசியில இருந்து எண்ணுனா சீக்கிரம் என் பேரு வந்துரும்."

மண்டபம் ஒரு கணம் முழித்தது. கணேசமூர்த்தி பாய்ந்து மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா! பாத்தீங்களா தன்னடக்கத்த! இதுதான் மலையகத்து ரத்தம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தனுஜா உட்கார்ந்துவிட்டாள். உண்மையைச் சொன்னாலும் மாலை போடுகிற கூட்டத்தை என்ன செய்வது?

அவள் அப்பா செல்லசாமி தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். மலையில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி பெக்டரிக்குக் கொண்டு போவார். லொறி பாதி நாள் ஓடும், பாதி நாள் படுத்துக்கொள்ளும். அடியில் கிடந்து அவர் கை நீட்டும்போது சரியான ஸ்பானரை எடுத்துக் கொடுத்தது தனுஜா. மற்ற நேரமெல்லாம் அந்த லொறி ஏன் கொண்டை ஊசி வளைவில் மட்டும் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பார்த்துவிட்டு, "செல்லசாமி, மகள மலைக்கு அனுப்பப் போறியா, கராஜுக்கு அனுப்பப் போறியா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மூன்றாவது வழி எதுவும் இல்லை.

மூன்றாவது வழி கல்யாணமாக வந்தது. லண்டனில் கடை வைத்திருந்த சிவரூபன் யாழ்ப்பாணத்துக்காரன். கொட்டகலையில் படிப்பித்த காலத்திலிருந்தே செல்லசாமிக்குப் பழக்கமான ஓர் ஆசிரியர் பேசிவிட்ட சம்பந்தம். மாப்பிள்ளைக்கு வயது கூட, தலையில் முடி குறைவு, அதனால் தோட்டத்துப் பெண் என்றாலும் பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். 'என்றாலும் பரவாயில்லை' என்பதை அவன் தாய் சிவனேஸ்வரி ஒரு நாளும் மறக்க விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தனுஜாவின் காதுபடவே, "உவள் தோட்டக்காட்டுப் பெட்டை. ஆனா நல்லா வேலை செய்வாள், அதுகள் பழகின சனம்தானே," என்பாள். ஏதோ நல்ல மாடு வாங்கியதைப் போல.

தனுஜா அந்த வீட்டில் இரண்டு குளிர்காலம் இருந்தாள். மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கைரேகையில் கரி ஏறியதைப் பார்த்து சிவனேஸ்வரி, "எங்கட வீட்டுக்கு இது சரிவராது பிள்ளை," என்றாள்.

"எனக்கும் இந்த வீடு சரிவரல மாமி," என்று தனுஜா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். சிவரூபன் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். அவனால் செய்ய முடிந்த மறுப்பு அவ்வளவுதான்.

பகலில் டயர், மாலையில் கல்லூரி. பந்தயக் கார்களுக்கென்றே ஒரு பொறியியல் படிப்பு இருப்பதை அங்கேதான் அறிந்தாள். அப்பா செத்த செய்தி பரீட்சைக்கு முந்தின வாரம் வந்தது. விசா அலுவலகத்தில் பாஸ்போர்ட் கிடந்ததால் போக முடியவில்லை. பரீட்சை எழுதினாள். அதன் பிறகு யாராவது அவளுடைய 'அதிர்ஷ்டத்தை'ப் பற்றிப் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஒரு பந்தய அணியில் பிரேக் பொறியியலாளராக வேலை கிடைத்தது. முதல் நாள் ஒருவன் அவளை ஏற இறங்கப் பார்த்து, "சிலோனா? அப்ப நல்ல டீ போடுவியே," என்றான். நல்ல டீயை அவள் கண்டதே இல்லை. நல்லதெல்லாம் கப்பலேறிப் போன பிறகு பெக்டரியில் கூட்டி அள்ளுகிற தூளைத்தான் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குக் கொடுப்பார்கள். அதை அவனுக்கு விளக்கப் போகவில்லை. அவன் கேட்ட டீயை, அவள் பார்த்து வளர்ந்த அதே சாயத்தில், கறுப்பாகப் போட்டுக் கொடுத்தாள். மறுபடி யாரும் கேட்கவில்லை.

சனி ஞாயிறுகளில் யாரோ மோதி எறிந்த பழைய கார் ஒன்றை வாங்கித் திருத்தி மலைப் பந்தயங்களுக்குப் போனாள். அந்த ஊர்க்காரர்கள் மலை என்று சொன்னதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்கரப்பத்தனையில் அதற்கு மேடு என்றுகூடப் பெயர் இல்லை. ஆனால் மழையில், சகதியில், குறுகிய வளைவில், மற்றவர்கள் வேகத்தைக் குறைக்கக் காலைப் பின்னுக்கு எடுக்கிற இடத்தில் அவள் எடுக்கவில்லை. அந்த ஒரு வருடம் இரண்டாவதாக வந்தது அப்படித்தான்.

பிறகு அந்த விரிசல். அணியின் காரில் முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பியில் மயிரிழை போல ஒரு விரிசலைக் கண்டுபிடித்தாள். "இன்னும் ஒரு பந்தயம் தாங்கும்," என்றார் முதலாளி. தாங்காது என்று சொல்லி அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். வேறொருவன் போட்டான். கம்பி உடைந்தது. ஓட்டிய பையன் மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தான். விசாரணையில் நடந்ததைச் சொன்னவள் தனுஜா ஒருத்திதான். அதற்குப் பரிசாக எந்த அணியும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. 'ஆள் கெட்டிக்காரி, ஆனால் கஷ்டமானவள்' என்று அவள் பெயர் ஊரெல்லாம் போயிற்று.

கஷ்டமானவள் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தாள். பந்தயக் கார்களுக்குள்ளே பொருத்துகிற இரும்புக் கூண்டு செய்யத் தொடங்கினாள். கார் உருண்டால், ஓட்டுபவர் நசுங்காமல் காப்பாற்றுவது அந்தக் கூண்டு மட்டுந்தான். அவள் செய்த கூண்டுக்குள் இருந்தபடி பலர் உருண்டிருக்கிறார்கள். எழுந்து நடந்து வந்து நன்றி சொன்னவர்களும் உண்டு. கூண்டு வளைந்துவிட்டது என்று குறை சொன்னவர்களும் உண்டு.

இதெல்லாம் கணேசமூர்த்தியின் வரவேற்புரையில் 'உலகப் புகழ்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது.

பந்தயத்துக்கு முந்தின பின்னேரம் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த இடத்தில், கார்களை நிறுத்தியிருந்தார்கள். கணேசமூர்த்தி அவளை நேரே ஒரு மஞ்சள் காரிடம் கூட்டிப் போனார். அவர் மகன் துஷாந்தின் கார். துஷாந்த் கொழும்பில் படித்தவன், நல்ல உயரம், கையில் விலை கூடிய ஹெல்மெட்.

"மெடம் நாளைக்கு இதுலதான் முதல்ல போறீங்க. தொடக்க ஓட்டம்," என்றார் கணேசமூர்த்தி. "அதுக்குப் பொறகு மகன் இதே வண்டியில போட்டிக்கு ஓட்டுவான்."

தனுஜா கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். கூண்டு இருந்தது. சிவப்புப் பெயின்ட் பளபளத்தது. குழாய்கள் சேருகிற ஒரு மூட்டை விரலால் தடவினாள், இன்னொன்றைத் தட்டினாள். வெளியே தலையை எடுத்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"இத யாரு செஞ்சா?"

"நம்ம கடையிலதான். ஏன், நல்லாயில்லையா?"

"அண்ணே, இது தண்ணிக் குழாய். மூட்டுல பாதி இடம் ஒட்டவே இல்ல, பட்டி தடவி பெயின்ட் அடிச்சிருக்கீங்க. கார் உருண்டா இது ஒடைஞ்சு ஓட்டுறவன் கழுத்துலதான் ஏறும். கூண்டே இல்லாம ஓட்டுறது இத விட நல்லது."

கணேசமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது சும்மா பார்வைக்குத்தானே, தங்கச்சி. படத்துல பாத்தா பந்தயக் காரு மாதிரி இருக்கணும்ல?"

"உருண்டா?"

"ஏன் உருளணும்? நல்ல காரியம் செய்யிற நேரத்துல அபசகுனமா பேசுறீங்களே."

துஷாந்த் சிரித்தான். "ஆன்ட்டி, ரோட்டப் பாத்துப் பயந்துட்டீங்கபோல. பரவால்ல, நீங்க கொடி மட்டும் ஆட்டுங்க. நான் ஓட்டுறேன்."

தனுஜா அவனைப் பார்த்தாள். அழகான பல் வரிசை. அந்த முழு அலங்காரத்திலும் உண்மையான சாமான் அந்தப் பல் மட்டுந்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அதே தோட்டத்தின் நடுக்கணக்குப் பிரிவு லயத்தில் அவள் தாய் ராக்காயி பீலியிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டு வந்தாள். மலையிலிருந்து ஊற்று விழுகிற அந்தப் பீலி லயத்துக்குக் கீழே, படிகளுக்கு அப்பால். லயத்துக்குக் குழாய் போடுவதாகப் பிரதேச சபைக்காரர்கள் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பாதியில் நின்ற பள்ளத்தில் கோழிகள் மேய்ந்தன. தனுஜா குடத்தை வாங்கப் போனாள்.

"வுடு, நீ உலக சாம்பியன். குடம் தூக்குனா பதாகைக்காரன் கோவிச்சுக்குவான்," என்றாள் ராக்காயி.

"நான் சாம்பியன் இல்லம்மா."

"அது எனக்குத் தெரியாதா? ஒங்கப்பா லொறியக் கொண்டுபோய் ரோட்டோரத் தண்ணிக் கானுல விட்டவ நீ."

மகளின் வேலை என்னவென்று ராக்காயி ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள். கார் உருண்டால் ஆள் சாகாமலிருக்க இரும்பில் கூண்டு செய்வது என்று சொன்னதும், "உருட்டாம ஓட்டச் சொல்லேன்," என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை பெரட்டுக் களம் முழுக்கச் சனம். பாதையோரத்து மண்மேடுகளில் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். முதலாவது கொண்டை ஊசி வளைவுக்கு நேர் கீழே லயக் கூரைகள். ஒலிபெருக்கியில் கணேசமூர்த்தி முழங்கினார்: "இதோ, நமது உலக சாம்பியன், தொடக்க ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறார்!"

தனுஜா மஞ்சள் காரிடம் போனாள். ஏறவில்லை. டிக்கியைத் திறந்து வீல் ஸ்பானரை எடுத்தாள். கமராக்காரர்கள் அது ஏதோ பந்தயச் சடங்கு என்று நினைத்துப் படமெடுத்தார்கள். பின்கதவு வழியாகக் கையை விட்டு, ஆசனத்துக்குப் பின்னாலிருந்த மூட்டில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

பட்டி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இன்னொரு போடு. மூட்டு வாயைப் பிளந்தது. ஸ்பானரை உள்ளே கொடுத்து நெம்பி, கால் வைத்து இழுத்ததும் குழாய் ஒன்று கையோடு வந்துவிட்டது.

"ஏய்! என்ன பண்றீங்க!" துஷாந்த் ஓடி வந்தான்.

அவள் ஸ்பானரின் முனையால் குழாயின் பெயின்ட்டைச் சுரண்டினாள். சிவப்புக்குக் கீழே வெள்ளைத் துத்தநாகம். அதன் நடுவில் நீளமாக ஒரு நீலக் கோடு. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. மெல்லிய தகடு என்பதைக் காட்டுவதுதான் அவள் நோக்கம். குழாயைத் தலைக்கு மேலே தூக்கி, "இதுக்குள்ள உக்காந்துதான் இந்தத் தம்பி பந்தயம் ஓடப் போறாரு. தண்ணி போற குழாய். பாத்துக்குங்க!" என்றாள்.

அந்த நீலக் கோட்டைப் பொருட்படுத்தியவள் மீனம்மா. நடுக்கணக்கில் கொழுந்து எடுப்பவள், லயத்துக்குக் குழாய் வேண்டும் என்று பிரதேச சபைப் படிகளைத் தேய்த்தவள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து குழாயை வாங்கிப் பார்த்தாள்.

"இந்தக் கோடு சபைக்காரங்க எங்க குழாய்ல போட்ட கோடுல்ல! எங்க லயத்துக்கு எறக்கிட்டுப் பாதியில காணாமப்போன குழாய்! மெம்பரய்யா, மிச்சச் சாமான் வரலைன்னு சொன்னீங்களே, ஒங்க மகன் காருக்குள்ளயா வந்து எறங்குச்சு?"

முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. சிரிப்பு நின்றதுதான் கணேசமூர்த்தியைப் பயமுறுத்தியது. "அது... மிச்சம் விழுந்த துண்டுங்க... கடையில வாங்குனதுதான்..." என்று ஒலிபெருக்கியிலேயே உளறினார். அதை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மலை முழுக்கக் கேட்டது.

துஷாந்த் காருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். உடைந்த மூட்டு அவன் கழுத்து இருந்திருக்கும் இடத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. அவன் பல் இப்போது தெரியவில்லை.

"அப்பா, நான்தான் இதுக்குள்ள இருந்திருப்பேன்," என்றான்.

"ஒனக்கு ஒன்னும் ஆயிருக்காதுடா," என்றார் கணேசமூர்த்தி.

அந்தப் பதிலைக் கேட்டபோது மட்டும் தனுஜாவுக்கு இகழ்ச்சி வரவில்லை. மகனுக்கே இப்படிச் சொல்கிறவர் லயத்துச் சனத்துக்கு என்ன சொல்லமாட்டார் என்று நினைத்தாள். துஷாந்த் ஹெல்மெட்டைக் கார்க் கூரையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையில் இறங்கிப் போனான்.

பந்தயம் நடக்கவில்லை. சனம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. தோட்டத்தை நிர்வகிக்கிற துரை வந்தார், பொலிஸ் வந்தது. சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சமாதானம் பேசினார்கள். மீனம்மா குழாயை விடவில்லை. கைக்குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினாள். தனுஜாவைக் கூட்டி வந்த கழகத்தின் வேன் அவளை விட்டுவிட்டு எப்போதோ ஓடிப்போயிருந்தது. அவள் லயத்துக்கு நடந்து போனாள்.

அடுத்த நாள் ஒரு செய்தித் தளத்தில், 'மலையக மண்ணை அவமதித்த வெளிநாட்டுப் பெண்' என்று போட்டிருந்தார்கள். உலக சாம்பியன் பட்டம் ஒரே இரவில் பறிபோயிருந்தது. அட்டனில் பதாகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கணேசமூர்த்தி இருந்த பாதியை வெட்டி எடுத்து வேறெங்கோ கட்டியதாகக் கேள்விப்பட்டாள். அவளைப் புகழ்ந்து பேசியவர்களில் ஒருவர் பஸ்ஸில் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, அட்டன் வரும்வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவள் இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு, ஆனி மாத மழைக்குள் நடுக்கணக்கு லயத்துக்குக் குழாய் வந்துவிட்டது. எப்படி வந்தது, எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது. திறப்பு விழாவுக்கு நாடா வெட்டியவர் கணேசமூர்த்தி. 'தன் சொந்த முயற்சியால்' என்று கல்லிலும் பொறித்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கழகம், இனிமேல் எல்லாக் கூண்டுகளும் பரிசோதிக்கப்படும் என்று ஒரு விதி போட்டது. அந்த விதிக்கும் அவர் பெயர்தான். மோட்டார் விளையாட்டில் பாதுகாப்புக்காக அவர் பட்ட பாட்டைப் பாராட்டி நுவரெலியாவில் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அந்தப் படத்தை மீனம்மா போனில் அனுப்பியபோது தனுஜா கொட்டகையில் ஒரு கூண்டின் மூட்டை வெல்டிங் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். பொன்னாடையும் கேடயமுமாக மனிதர் முன்னைவிடப் பூரித்திருந்தார். அவள் வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்துக் கொட்டகைக்காரன் எட்டிப் பார்த்தான்.

பிறகு தாய்க்குப் போன் எடுத்தாள்.

"தண்ணி வருதாம்மா?"

"வருது. ஒரு நா வருது, ஒரு நா காத்து மட்டும் வருது. தொறந்து வச்சா மெம்பர் பேசுற மாதிரியே சத்தம்," என்றாள் ராக்காயி. "நீ இன்னும் அந்தக் கூண்டுதான் செய்யிறியா?"

"அதான் செய்யிறேன்."

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்," என்றாள் தனுஜா. போனை வைத்துவிட்டு, ஒட்டிய மூட்டை விளக்கின் கீழே திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் மெல்லிசாக இருப்பதாகப் பட்டது. வெட்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.